ஊர்க்காரர்

தமிழ்நாட்டில் ஒருவரை ஊர்க்காரர் என்று கூப்பிட்டால் அவர் நம் ஆள் என்று அர்த்தம். பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் மன்னார்குடி என்று சொல்லிவிட்டால் போதும், அட நம்ம ஊர்க்காரரா என்று நகர்ந்து இன்னும் கொஞ்சம் இடம் கொடுப்போம். சிங்கப்பூரில் அதே சொல்லுக்கு நேர் எதிர் அர்த்தம். இங்கே ‘ஊர்’ என்றால் இந்தியா. ஊர்க்காரர் என்றால் அங்கிருந்து வந்தவர், இங்கே பிறக்காதவர். இது எனக்குப் புரிய இரண்டு வருஷம் ஆனது. அந்த இரண்டு வருஷமும் நான் ரொம்பச் சந்தோஷமாக இருந்தேன்.

லிட்டில் இந்தியா என்கிற தேக்காவில் ரேஸ் கோர்ஸ் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் ‘கார்னர் கிக்’ என்று ஒரு ஸ்போர்ட்ஸ் பார் இருக்கிறது. ஒரு உலகக் கோப்பைச் சமயத்தில் ஜூரோங் ஷிப்யார்டில் வேலை முடிந்து தனியாக அங்கே போனேன். உட்கார இடமில்லை. பெரிய திரைக்கு நேராக இருந்த மேசையிலிருந்து ஒருவர் காலால் ஒரு நாற்காலியைத் தள்ளிவிட்டு, “ஊர்க்காரரே, இங்க உட்காருங்க” என்றார். அவர்தான் சுஜீந்திரன். பக்கத்தில் லைம் ஜூஸ் குடித்துக்கொண்டு இருந்தவர் நூருல் அமீன், சிராங்கூன் சாலையில் துணிக்கடை வைத்திருப்பவர். அன்றைக்கு யார் ஜெயித்தார்கள் என்பது மறந்துவிட்டது. முன்பின் தெரியாத ஒருவர் என்னை ஊர்க்காரரே என்று கூப்பிட்டது மட்டும் மறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து என் மனைவி ரஞ்சிதத்திடம் பெருமையாகச் சொன்னேன். அவர் எந்த ஊர் என்று கேட்டாள். யாழ்ப்பாணத்துக் குடும்பம், தாத்தா காலத்தில் ரயில்வேயில் கிளார்க்காக வந்தவர்கள், அவர் இங்கேயே பிறந்தவர் என்றேன். அப்புறம் எப்படி உங்களுக்கு ஊர்க்காரர் ஆனார் என்று கேட்டாள். ரஞ்சிதம் எப்போதும் சரியான கேள்வியைத் தப்பான நேரத்தில்தான் கேட்பாள். விளக்கை அணைத்துப் படுத்துவிட்டேன்.

அர்த்தம் தெரிந்த நாளும் அதே மேசையில்தான். புதிதாக வேலைக்கு வந்த வெயிட்டர் ஒருவர் சுஜீந்திரன் சட்டையில் பீரைக் கொட்டிவிட்டார். “ஊர்க்காரன் லா, என்ன செய்யிறது” என்று, இங்கே எல்லாப் பேச்சிலும் வாலாக ஒட்டிக்கொள்ளும் அந்த ‘லா’வோடு, சுஜீந்திரன் அமீனிடம் சலித்துக்கொண்டார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மழை வந்தால் மழை என்று சொல்வதுபோலச் சொன்னார். அடுத்த நிமிஷம் என் பக்கம் திரும்பி, ஊர்க்காரரே, அந்த டிஷ்யூவைக் கொஞ்சம் கொடுங்க என்றார். கொடுத்தேன். ரோஷக்காரனாக இருந்தால் அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். நான் ரோஷக்காரன்தான். ஆனால் ஆட்டம் முடிய இன்னும் அரை மணி நேரம் இருந்தது, அந்த நாற்காலியை விட்டால் எனக்கு இந்தத் தீவில் வேறு நாற்காலியும் இல்லை.

போகப் போக அந்தச் சொல் தேய்ந்துவிடும் என்று நினைத்தேன். குடியுரிமை எடுத்தேன். கையை நெஞ்சில் வைத்து மஜுலா சிங்கப்பூரா என்ற தேசிய கீதம் பாடி, குடிமக்களுக்குத் தரும் அடையாள அட்டையான பிங்க் ஐசி வாங்கிய அன்று மேசையில் எல்லோருக்கும் குச்சியில் சுட்ட சாத்தே கறி வாங்கி வைத்தேன். வாழ்த்துகள் ஊர்க்காரரே என்று கை கொடுத்தார் சுஜீந்திரன். அமீனின் மனைவி கல்யாணம் முடிந்து கூத்தாநல்லூரிலிருந்து வந்தவர். அப்படியானால் அவரும் ஊர்க்காரர்தானே என்று ஒரு நாள் அமீனிடம் கேட்டுப் பார்த்தேன். அது வேற லா என்றார். அவர்கள் தாத்தாக்கள் கப்பலில் வந்தார்கள், நான் விமானத்தில் வந்தேன். சீக்கிரம் வந்து சேர்ந்ததுதான் குற்றம்போல.

ஆட்ட நாட்களில் மேசையைப் பிடிப்பது என் வேலை. இங்கே ஒரு டிஷ்யூ பாக்கெட்டை மேசைமேல் வைத்துவிட்டால் அது நம் இடம், யாரும் உட்கார மாட்டார்கள். அதற்கு ‘சோப்’ பண்ணுவது என்று பெயர். எங்கள் பக்கத்தில் சோப்புப் போடுவது என்றால் காக்கா பிடிப்பது, இங்கே இடம் பிடிப்பது. நான் இரண்டையும் சேர்த்துத்தான் செய்துகொண்டிருந்தேனோ என்னவோ. கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியதும் எம்ஆர்டி ரயிலைப் பிடித்து, சட்டைகூட மாற்றாமல் ஓடுவேன். மேசையின் நாலு மூலையிலும் டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டுக் காவல் இருப்பேன். மற்ற இருவரும் சாவகாசமாக, விசில் ஊதுகிற நேரத்துக்கு வருவார்கள்.

இப்படியே பத்துப் பன்னிரண்டு வருஷம் போயிற்று. அப்புறம்தான் ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் சிங்கப்பூரும் இந்தியாவும் மோதும் ஆட்டம் வந்தது.

ஆட்டம் காலாங்கில்தான், தேக்காவிலிருந்து கூப்பிடு தூரம். ஆனால் ஸ்டேடியத்தில் ரீப்ளே சரியாகத் தெரியாது, கழிப்பறை வேறு தூரம் என்று சுஜீந்திரன் பாரிலேயே பார்க்கலாம் என்றார். அவர் சொன்னால் சொன்னதுதான். எனக்கும் அதுவே வசதியாகப் போனது, ஏனென்றால் அன்றைக்கு என் மகன் மாறனை அந்த மேசைக்கு அழைத்திருந்தேன்.

இளமாறன் அவன் முழுப்பெயர். இங்கேயே பிறந்தவன். உட்லண்ட்ஸில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே பந்து உதைத்து வளர்ந்தவன். அப்போது தேசிய சேவையில், பையன்கள் எல்லோரும் இரண்டு வருஷம் செய்ய வேண்டிய கட்டாய ராணுவச் சேவையில் இருந்தான், சுருக்கமாக என்எஸ் என்பார்கள். தெக்கோங் தீவில் பயிற்சி முடிந்ததும் மெடிக்காக, அதாவது மருத்துவ உதவியாளனாக, ஒரு கேம்ப்பில் போட்டிருந்தார்கள், தினமும் மாலையில் வீட்டுக்கு வந்துவிடுவான். அவன் சின்னப் பையனாக இருந்ததிலிருந்து அந்த மேசையைப் பற்றி அவனிடம் அளந்து வைத்திருந்தேன். சுஜீந்திரன் அங்கிள் இப்படிச் சொன்னார், அமீன் அங்கிள் அப்படிச் சிரித்தார், அப்பா இல்லாமல் அங்கே ஆட்டமே தொடங்காது என்றெல்லாம். கடைசியில் சொன்னது மட்டும் உண்மை, மேசை பிடிக்க ஆள் வேண்டுமே. ஷிப்யார்டில் நான் தலைகுனிந்து நிற்பதை அவன் பார்த்ததில்லை, ஆனால் வீட்டுக்கு வரும் என் முகத்தைப் பார்த்திருக்கிறான். இந்த ஊரில் அப்பாவுக்கும் ஒரு கூட்டம் உண்டு, அதில் அப்பாவும் ஒரு ஆள் என்று அவன் ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

அதனால் வெட்கத்தை விட்டு முந்தின நாள் அமீனுக்குப் போன் செய்தேன். நாளைக்கு மாறன் வருகிறான், அவன் எதிரில் மட்டும் என்னை ஊர்க்காரர் என்று கூப்பிட வேண்டாம், சுஜீந்திரனிடமும் சொல்லிவையுங்கள் என்றேன். அதுல என்ன லா இருக்கு என்று அமீன் சிரித்தார். சரி, சொல்லிடுறேன் என்றும் சொன்னார்.

மறுநாள் சிவப்பு ஜெர்சியைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். பார் கழிப்பறையில் மாற்றிக்கொண்டு, வழக்கம்போல நாலு மூலையிலும் டிஷ்யூவை வைத்து உட்கார்ந்தேன். பக்கத்து மேசையில் நீல ஜெர்சி போட்ட வட இந்தியப் பிள்ளைகள், ஏதோ ஆபீஸ்காரர்கள், மூவர்ணக் கொடியோடு வந்து உட்கார்ந்தார்கள். மாறனும் சிவப்பு ஜெர்சியில்தான் வந்தான். மேசையைப் பார்த்துவிட்டு, எப்பவும் நீங்கதான் சோப் பண்றீங்களாப்பா என்று கேட்டான். இன்றைக்கு மட்டும் என்றேன்.

அடுத்து அமீனும் சுஜீந்திரனும் வந்தார்கள். சுஜீந்திரன் வாயைத் திறந்தவர், ஏதோ ஞாபகம் வந்ததுபோல நிறுத்தி அமீனைப் பார்த்தார். பிறகு என் தோளில் தட்டி, “என்ன, கலியபெருமாள், மகனா?” என்றார்.

என் பெயர் கலியமூர்த்தி.

மாறன் என்னைப் பார்த்தான். நான் சிரித்தேன். திருத்தினால் அவனுக்குத் தெரிந்துவிடும், திருத்தாவிட்டாலும் தெரிந்துவிடும். இத்தனை வருஷத்தில் என் பெயர் அந்த மேசைக்குத் தேவைப்பட்டதே இல்லை. நானே அமீனுக்குப் போன் செய்து ஊர்க்காரர் என்ற பெயரைப் பிடுங்கிவிட்டேன், மிச்சம் இருந்தது அவர்களிடம் ஒன்றுமில்லை. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான்.

ஆனால் மாறனுக்கு அங்கே பெயர் தேவைப்படவில்லை. எந்த கேம்ப் என்று சுஜீந்திரன் கேட்டார். அவன் சொன்னான். அந்த கேம்ப்பில் குக்ஹவுஸ் இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறதா என்று கேட்டார். அவன் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னான். அமீன் தன் தேசிய சேவையைச் சிவில் டிஃபென்ஸில் செய்தவர், அவர் காலத்து சார்ஜெண்ட் ஒருவரின் கதையை எடுத்தார். தெக்கோங் பேய், வார இறுதியில் வெளியே விடாமல் கேம்ப்பிலேயே அடைத்து வைத்தது, துப்பாக்கியைத் துடைத்துத் துடைத்துக் கை வீங்கியது என்று மூவரும் மாற்றி மாற்றிப் பேசினார்கள். எல்லாச் சொல்லும் சுருக்கெழுத்து, மூன்று எழுத்து, நாலு எழுத்து. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. முதல் தலைமுறையாக வந்தவர்களைத் தேசிய சேவைக்குக் கூப்பிடுவதில்லை. பத்து நிமிஷத்தில் சுஜீந்திரன் அவன் முதுகில் அறைந்து, “நம்ம பையன் லா இவன்” என்றார்.

பெற்றவனுக்குச் சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும். சந்தோஷமாகத்தான் இருந்தது. வயிற்றெரிச்சலும் இருந்தது. பத்து வருஷத்துக்கு மேல் நான் வாசலில் காத்துக் கிடந்த வீட்டுக்குள் என் பிள்ளை செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் போய்விட்டான்.

முதல் பாதி முடிகிற நேரத்தில் சிங்கப்பூர் ஒரு கோல் போட்டது. பாரே எழுந்து கத்தியது. நான்தான் எல்லோரையும்விட அதிகமாகக் கத்தினேன். சுஜீந்திரனைக் கட்டிப் பிடித்தேன், அமீனின் லைம் ஜூஸைக் கொட்டினேன். மாறன் என்னைத் தூக்கியே விட்டான். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் நான் அவனை அங்கே கூப்பிட்டேன். அது எனக்குக் கிடைத்தது, கிடைக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

இரண்டாம் பாதி தொடங்கியதுமே இந்தியாவுக்கு ஒரு சிவப்பு அட்டை. ஒரு ஆள் குறைவு. இனி கவலையில்லை என்று சுஜீந்திரன் இன்னொரு ஜக் பீர் சொன்னார். கவலையில்லை என்று சொல்லிவிட்டால் அப்புறம் கேட்கவா வேண்டும். ஆட்டம் முடியப் போகிற கடைசி நேரத்தில் நம் தடுப்பாட்டக்காரர் பந்தைத் திருப்பித் தட்டப் போய் அது தவறிப் போனது, இந்தியாக்காரன் ஓடி வந்து எடுத்து வலைக்குள் போட்டுவிட்டான்.

நான் தலையில் கை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். பக்கத்து மேசையில் நீல ஜெர்சிக்காரர்கள் நாற்காலிமேல் ஏறி ஆடினார்கள். அதில் ஒருவர் கொடியோடு வந்து என் கையைப் பிடித்து இழுத்து இந்தியில் ஏதோ சொன்னார். நான் போட்டிருந்த சிவப்புச் சட்டை அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. மூஞ்சிதான் தெரிந்திருக்கிறது. கையை உதறிக்கொண்டு திரும்பினேன். சுஜீந்திரன் என்னையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

“என்ன ஊர்க்காரரே, சந்தோஷமா? உங்க ஆளுங்க அடிச்சுட்டாங்க.”

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். தோற்கிற நேரத்தில் பக்கத்தில் இருப்பவனைச் சீண்டுவது எல்லா பாரிலும் உண்டு. எனக்கு அது தெரியும். ஆனால் மாறன் இருந்தான். இத்தனை வருஷமாக விழுங்கியது எல்லாம் ஒன்றாக மேலே வந்தது. பர்ஸை எடுத்தேன். ஐசியை உருவி மேசைமேல் அறைந்தேன். கொட்டியிருந்த பீரில் அது சறுக்கிக்கொண்டு போய் அவர் கிளாஸில் இடித்து நின்றது.

“எது என் ஆளுங்க? படிங்க. என் பேரு என்னன்னும் அதுல போட்டிருக்கு, படிங்க.”

சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அமீன் என் கையைப் பிடித்தார். சுஜீந்திரன் முகத்தில் சிரிப்புப் போய்விட்டது. அவர் ஐசியைத் தொடக்கூட இல்லை.

“ஐசி எல்லாரும்தான் வச்சிருக்காங்க லா. நீங்க என்எஸ் பண்ணீங்களா? உங்க மகன் பண்றான். அவன்கிட்ட நான் ஏதாவது சொன்னேனா?”

நான் மாறனைப் பார்த்தேன். அவன் ஒரு வார்த்தை சொல்வான் என்று நினைத்தேன். என் அப்பா பேர் கலியமூர்த்தி அங்கிள் என்று சொன்னால்கூடப் போதும். அவன் எழுந்தான். மேசை மூலையில் நான் வைத்திருந்த டிஷ்யூ பாக்கெட்டைப் பிரித்தான். ஐசியை எடுத்து, பீரைப் பதமாக ஒற்றித் துடைத்து, என் சட்டைப் பையில் தேடி, ஜெர்சிக்குப் பை இல்லை என்று தெரிந்ததும் கையில் கொடுத்தான். பிறகு சுஜீந்திரனிடம், “சாரி அங்கிள்” என்றான்.

எனக்காக என் மகன் மன்னிப்புக் கேட்டான். சுஜீந்திரன் பெரிய மனசோடு அவன் தோளைத் தட்டி, பரவாயில்லை, அடுத்த ஆட்டத்துக்கு நீயும் வந்துடு என்றார். நான் இன்னும் அங்கேதான் நின்றுகொண்டு இருந்தேன். ஆட்டம் சமனில் முடிந்து விசில் ஊதினார்கள். டிஷ்யூ பாக்கெட்டுகளை எடுக்காமல் வெளியே வந்தேன்.

லிட்டில் இந்தியா ஸ்டேஷனில் ஏறி நியூட்டனில் மாற வேண்டும். தீபாவளி விளக்குகள் போட்டிருந்தார்கள், கூட்டம் முட்டிக்கொண்டு போனது. மாறன் என்னை இடிக்கிறவர்களைக் கையால் விலக்கிக்கொண்டே வந்தான். நல்ல பிள்ளை. மெடிக் வேலைக்குப் பொருத்தமானவன்தான். அவன் ஏதாவது சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அந்த ஆள் பேசியது தப்பு என்று சொல்ல வேண்டும், இல்லை நீங்கள் செய்தது தப்பு என்றாவது சொல்ல வேண்டும். எதுவானாலும் தாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

நியூட்டனில் ரயிலுக்கு நிற்கும்போது அவன் பள்ளிக்கூட நாட்கள் ஞாபகத்துக்கு வந்தன. தொடக்கப் பள்ளியில் தமிழ் வாய்மொழித் தேர்வுக்கு அவனைத் தயார் செய்தது நான்தான். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே ‘our’ என்பதால் அவனுக்கு ‘எங்க’ எது, ‘நம்ம’ எது என்று குழப்பம். எங்க வீட்டுக்கு எப்பப்பா போவோம் என்று என்னிடமே கேட்பான். அப்பாவையும் சேர்த்துச் சொல்லும்போது நம்ம வீடு என்று சொல்லணும், வெளியாளிடம் பேசும்போதுதான் எங்க வீடு என்று திருத்துவேன். நிறைய நாள் திருத்தினேன். தேர்வில் அந்த இடத்தில் அவன் தப்பே விடவில்லை என்று ஆசிரியை கூப்பிட்டுப் பாராட்டினார். அதற்கப்புறம் அவன் ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை.

ரயில் வந்தது. உட்கார இடம் கிடைத்தது. அவன் என்னை உட்கார வைத்துவிட்டு எதிரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பாவமாக இருந்திருக்க வேண்டும், குனிந்து என் தோளில் கை வைத்தான். அவன் குரலில் அத்தனை பிரியம் இருந்தது.

“விடுங்கப்பா. எங்க ஆளுங்க அப்படித்தான் பேசுவாங்க. மனசுல ஒன்னும் வச்சுக்க மாட்டாங்க லா.”

பழக்கத்தில் திருத்துவதற்கு வாயைத் திறந்தேன். திருத்த அதில் பிழை எதுவும் இல்லை.